பாதிப்புகளின் பட்டியல்

வக்கீல் பேனாவை மூன்றாவது முறையாக அவள் பக்கம் நகர்த்தினார்.

அவளும் மூன்றாவது முறையாக மனுவை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். படபடப்பாக இருக்கிறது என்று போன அவள் கணவருக்கு, இரவு மட்டும் போட வேண்டிய மாத்திரையை மூன்று வேளைக்கு எழுதிவிட்டார் டாக்டர். நோயாளியை நிமிர்ந்து பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. நாற்பது நாள் கழித்து, நேற்றுதான் மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டார். அதே சீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை மாத்திரை கொடுத்த அதே கடைக்காரர்தான்.

செய்தி கொழுந்தன் காதுக்கு எட்டியது. அவ்வளவுதான், இன்று காலை பத்து மணிக்கு எல்லோரும் வக்கீல் அறையில்.

"மனுவுல அதுக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன். பாதிப்பு என்னென்னன்னு சொல்லுங்க," என்றார் வக்கீல்.

கொழுந்தன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணன் சரக்குக் கிடங்கில் மேலாளர். வாசலில் அவர் வண்டியை நிறுத்தும் சத்தத்துக்கே வீடு கப்சிப் ஆகிவிடும். அப்படிப்பட்ட மனுஷன் இப்போது லீவு கேட்டவனுக்கு லீவு கொடுக்கிறார். லீவு வாங்கியவன் பயந்துபோய் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். மாடி வீட்டுக்காரரிடம் வலியப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நாற்பது நாளாக ஒரு தட்டுகூடப் பறக்கவில்லை. போன வாரம் அண்ணியைப் பார்த்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது கொழுந்தனுக்குக் குரல் தழுதழுத்தது.

'இயல்புக்கு மாறான நடத்தை' என்று எழுதி அடிக்கோடு போட்டார் வக்கீல்.

கையெழுத்து அவள்தான் போட வேண்டும். புத்தி மங்கிவிட்டது என்று வழக்குப் போடும்போது, மங்கிய ஆளே கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்காதாம்.

புத்தி மங்கியவர் மூலை நாற்காலியில், ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

இந்த நாற்பது நாளில் அவள் அடுப்படியில் பாட்டு முணுமுணுத்திருக்கிறாள். கை தவறி டம்ளரை உடைத்துவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் பெருக்கியிருக்கிறாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் முதல் முறையாக, மணி ஆறடித்ததும் அவர் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டாமல் இருந்திருக்கிறாள்.

வழக்குப் போட்டால் அந்த டாக்டர் வாசலை மறுபடி மிதிக்க முடியாது. வேறு டாக்டர் மாத்திரையையே நிறுத்திவிடுவார். பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார்.

வழக்குப் போடாவிட்டால், டாக்டரிடம் போய் இரவு ஒரு வேளையாவது தொடர்ந்து எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சலாம். மூன்று வேளை உடம்புக்கு ஆகாது, அவளுக்கும் தெரியும். ஒரு வேளை போதும். பாதி மனுஷனாவது மிஞ்சுவார்.

"மிச்ச மாத்திரை இருந்தா குடுங்கம்மா. சாட்சியத்துக்கு வேணும்," என்றார் வக்கீல்.

அவள் கைப்பையிலிருந்து அரை அட்டை மாத்திரையை எடுத்து வைத்தாள். மூன்று வேளையும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தது போக மிஞ்சியது அவ்வளவுதான்.

மூலையில் பை திறக்கும் சத்தம் கேட்டது.

கணவர் எழுந்து வந்து, ஒரு பழைய காபித்தூள் பாட்டிலை அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். கழுத்துவரை வெள்ளை மாத்திரைகள்.

"முதல் நாள் ஒண்ணு போட்டேன். வயித்தைப் பிரட்டுச்சு. அதோட விட்டுட்டேன்."

வக்கீல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் இவ பக்கத்துல வந்து உக்காந்து பேசினா. மாத்திரை போடலன்னு தெரிஞ்சா எழுந்து போயிடுவாளேன்னு சொல்லல," என்றார் கணவர். முகத்தில் வெட்கம். பிறகு, ஏதோ பரீட்சையில் தேறிவிட்டவர்போல ஒரு சிரிப்பு. "கத்தாம இருக்கறது அப்படி ஒண்ணும் கஷ்டமாவும் இல்ல சார்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

முப்பத்தோரு வருஷம். கஷ்டமே இல்லையாம்.

வழக்கு கைவிட்டுப் போன வருத்தத்தில் வக்கீல் மனுவை மடிக்கப் போனார். அவள் அதன்மேல் கையை வைத்தாள். இவ்வளவு நேரம் தொடாமல் இருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"எதிராளி பேரை மட்டும் மாத்தி எழுதுங்க சார். பாதிப்பு என்னென்னன்னு நான் சொல்றேன்."