கற்பூரம் எரிகிறபோது

“இது கடிக்குமா?” என்று ஒருநாள் பாப்பா கேட்டாள்.

சங்கிலியில் தொங்கிய எஞ்சினைப் பார்த்துத்தான். விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரிலிருந்து கழற்றியது. அவளுடைய அப்பாவின் பழைய மோரிஸ் மைனருக்குள் போகப்போவது.

கட்டிப்போட்டிருக்கிறேன், கடிக்காது என்று மெக்கானிக்கான அவன் சொல்லியிருந்தான்.

இப்போது மோரிஸில் அதற்கு இடம் வெட்டிக்கொண்டிருந்தான்.

கிரைண்டர் அலறியது. தகடு சிவந்து கிழிந்தது. பொறி கழுத்தில் விழுந்தது. தட்டிவிடவில்லை.

வெட்டிய விளிம்பைச் சம்மட்டியால் அடித்தான்.

மடங்க வேண்டிய அளவுக்கு மடங்கிவிட்டது.

இன்னும் அடித்தான்.

ஒவ்வோர் அடிக்கும் அந்தத் தகட்டில் சென்னியப்பனின் முகம் இருந்தது.

சென்னியப்பன் பாப்பாவின் அப்பா. வண்டிக்குச் சொந்தக்காரர். எஞ்சினுக்கு நல்ல நேரத்தில் பொட்டு வைத்துவிட வேண்டும் என்று காலையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்தார். பட்டறையின் முருகன் படத்துக்கு முன்னால் தட்டை ஏந்தி நின்றார்.

பிரேக்கைப் பற்றி ஏற்கெனவே பேசி ஓய்ந்திருந்தார்கள். பழைய பிரேக் பழைய வேகத்துக்கு. இந்த எஞ்சினை அது பிடித்து நிறுத்தாது. புதுக் காரின் பிரேக்கைப் போட்டால் சக்கரமும் பெரிதாக வேண்டும். சக்கரத்தை மாற்றினால் பழைய கார்களின் ஊர்வலத்தில் சிரிப்பார்கள் என்று சென்னியப்பன் மறுத்துவிட்டார். வெளியே ஒரு நட்டுகூட மாறக் கூடாது என்றார்.

அவன் அதோடு விட்டிருக்கலாம். கற்பூரத் தட்டு வண்டியைச் சுற்றி வந்தபோது வாய் பொறுக்கவில்லை.

“ஏனுங்கண்ணா, பிரேக்க மாத்தாம இதுல பாப்பாவ ஏத்தாதீங்க. மலையெறங்கறப்ப நிக்காதுங்க. அள்ளிட்டுத்தான் வரோணும்.”

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

சாமிக்கு முன்னால், பிள்ளையைச் சேர்த்து, அந்தச் சொல்.

தட்டு தரையில் விழுந்தது. அறை கன்னத்தில் விழுந்தது. அவன் ஸ்பானர்கள் கிடந்த இரும்புப் பெட்டியின் மேல் சாய்ந்தான். உதடு கிழிந்தது. சென்னியப்பன் சட்டையைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தார்.

“எம் புள்ளைக்குப் பாடை கட்டறயாடா?”

நான்கு பேர் சேர்ந்து அவரைப் பிரித்து அனுப்பினார்கள்.

வெல்டர் ரங்கராசு அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது சிரிக்காமல் சொன்னான்.

“அவுரு கேட்டத மட்டும் செஞ்சு குடுத்துருங்ணா. மிச்சத்த ரோடு பாத்துக்கும்.”

எல்லோரும் போய்விட்டார்கள்.

அவன் அடித்தான்.

குன்னூர் மலையின் ஒரு வளைவு கண்ணில் வந்தது. சென்னியப்பனின் கால் பெடலை மிதிக்கிறது. பெடல் தரைவரை போகிறது. தடுப்புச் சுவர் உடைகிறது.

விழட்டும் என்று விட்டான்.

மேலே ஏற்றி, மறுபடியும் விழவிட்டான். வாயில் இரத்தம். அது கசக்கவில்லை.

இன்னொரு முறை உருட்டினான். பின்பக்கக் கண்ணாடியில் ஒரு சின்னக் கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை மட்டும் வண்டியிலிருந்து எடுத்துவிடப் பார்த்தான்.

வரவில்லை.

சம்மட்டியைக் கீழே போட்டான்.

உதட்டைப் பார்க்க வண்டியின் கண்ணாடிக்குக் குனிந்தான். கன்னத்தில் விரல்கள் பதிந்திருந்தன.

மூன்று.

நடுவே ஒன்றுக்கு இடம் விட்டிருந்தது.

சென்னியப்பனின் அந்த நடுவிரல் இதே பட்டறையில்தான் போனது. ஜாக்கி சரிந்து ஒரு வேன் அவன் நெஞ்சின் மேல் இறங்கிய நாள். மற்றவர்கள் முட்டுக்கட்டை தேடி ஓடினார்கள். ஸ்கூட்டரை எடுத்துப்போக வந்திருந்த ஒருவர், அன்று பெயர்கூடத் தெரியாதவர், கீழே கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தார். கட்டை வரும்வரை விடவில்லை. விரல் நசுங்கியபோதும் விடவில்லை.

அதன்பிறகு அதைப் பற்றி அவராக ஒரு நாளும் பேசியதில்லை. யாராவது கேட்டால், நல்லவேளை, மோதிரம் போடாத விரல் என்பார்.

அவன் முகம் கழுவினான். கவிழ்ந்து கிடந்த தட்டை எடுத்துத் துடைத்து முருகனுக்கு முன்னால் வைத்தான். படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பட்டறைக்குப் பின்னால் உடைந்த சின்னக் கார் ஒன்று கிடந்தது. அதன் டிஸ்க் பிரேக் மோரிஸின் சக்கரத்துக்குள் அடங்கும். ஆனால் தானாகப் பொருந்தாது. அதைத் தாங்கும் பட்டையை இரும்பில் அறுத்து, துளைபோட்டு, அரத்தால் ராவி ராவிக் கையாலேயே உண்டாக்க வேண்டும். அந்தப் பாடு எதற்கென்றுதான் முன்பு அவன் அதைச் சொல்லவில்லை.

வார நாட்களில் எல்லோரோடும் சேர்ந்து எஞ்சினைப் பொருத்தினான். சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டுப் போனார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டையை ராவினான்.

ராவும்போது அவன் கை யார் முகத்தையும் தேடவில்லை.

கடைசி ஞாயிறு. பிரேக்கை ஏற்றி, பழைய சக்கரங்களைப் பூட்டினான். பழைய வட்ட மூடிகளை உள்ளங்கையால் தட்டிப் பொருத்தினான். கைரேகைகளைத் துணியால் துடைத்தான். குனிந்து பார்த்தாலும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை.

மில்லுக்குப் பின்னால் போகும் சாலை காலியாக இருந்தது. வண்டியை அங்கே விரட்டினான். சின்ன உடம்பு முழுவதும் அதிர்ந்தது. ஜன்னல்கள் கடகடத்தன. வேப்பமரங்கள் பின்னால் பறந்தன. சாலை திரும்பும் இடம் பாய்ந்து வந்தது.

மிதித்தான்.

நெற்றி கண்ணாடிவரை போய் மீண்டது.

சத்தமெல்லாம் அடங்கியது. பிறகு இறங்கிப் பின்னால் நடந்தான்.

தார்ச்சாலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். கோணாமல், விலகாமல், வளைவுக்கு முன்பே முடிந்திருந்தன.

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவற்றின் அருகே நின்றான்.