ஒரே ஒரு ஆள்

"ஒரே ஒரு ஆள் போனா போதும், மார்லிஸ். மத்த யாரு வேலைக்கும் ஆபத்தில்ல. அது யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே முடிவு பண்ணிச் சொல்லிடு."

சீஸ் ஆலையின் முதலாளி கர்ட் கீஸ்லிங் இதைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைப் பார்த்தார். மார்லிஸ் அந்த ஆலையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். பொட்டலம் கட்டும் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை.

"எதுக்குத் திடீர்னு இப்படி?"

"எல்லாம் இந்த இன்சூரன்ஸ்தான். போன வருஷத்தைவிட மூணுல ஒரு பங்கு ஏத்திட்டான். உங்க வைத்தியத்துக்கு நான் கட்டுற பணத்துல இந்த விஸ்கான்சின்ல இன்னொரு ஆலையே கட்டிடலாம்."

"அப்ப எங்க இன்சூரன்ஸ்...?"

"நீ ஆளைச் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அதற்கு மேல் கேட்க மார்லிஸுக்குத் தைரியம் வரவில்லை. அவள் கணவன் டுவேனுக்கு ரத்தப் புற்றுநோய். தினம் ஒரு மாத்திரை அதைக் கட்டிப் போட்டிருந்தது. மாத்திரை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை மனிதர் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பார், டிவியில் ஃபுட்பால் பார்த்துக் கத்துவார். மாத்திரை நின்றால் நோய் திரும்பிவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்சூரன்ஸ் இல்லாமல் கைக்காசு போட்டு வாங்கினால் வீட்டை விற்றாலும் ஒரு வருடம் தாங்காது.

இரண்டு நாளாக ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒருத்திக்கு ஏழாம் மாதம். ஒருவனுக்குப் போன வருடம்தான் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. யார் கழுத்தில் கத்தி வைப்பது? சோறு தண்ணி இறங்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் ஓய்வறையில் பெவ் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அறுபத்துமூன்று வயது, தனிக்கட்டை. டுவேன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாற்பது நாளும் மார்லிஸ் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் அவள்தான்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி திரியற? கர்ட் யாரையாவது துரத்தச் சொல்லிட்டாரா?"

மார்லிஸ் அழுதேவிட்டாள். எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒருத்தர் போனா மத்த எல்லாருக்கும் இன்சூரன்ஸ் தப்பிச்சிடும், பெவ். டுவேனுக்கும் மாத்திரை நிக்காது. ஆனா யாருகிட்டப் போய் நான் இதைக் கேப்பேன்?"

"இப்ப எங்கிட்டத்தான் கேட்டுட்டிருக்க."

மார்லிஸ் தலை குனிந்துகொண்டாள். பொய் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"ஏன்டி முழிக்கற? போறேன். எனக்குப் பிள்ளையா குட்டியா?"

"வேற வேலை கிடைக்குமா?"

"அறுபத்துமூணு வயசுக் கிழவியை எவன் எடுப்பான்? என்னைப் பாத்ததுமே அவனுக்கு என் முட்டி ஆபரேஷன் செலவுதான் கண்ணுல தெரியும்."

"அப்ப வைத்தியத்துக்கு என்ன பண்ணுவ?"

"தனியா இன்சூரன்ஸ் வாங்கலாம்னா என் வீட்டு வாடகையைவிட ஜாஸ்தி கேக்கறான். அறுபத்தஞ்சு ஆயிட்டா அரசாங்கம் பாத்துக்கும். ரெண்டு வருஷம் பனியில வழுக்கி விழாம இருக்கணும், அவ்வளவுதானே? பென்குயின் மாதிரி நடந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு மார்லிஸின் கையைத் தட்டினாள்.

"கர்ட்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். நீ சொல்லித்தான் போனேன்னு யாரும் பேச வேணாம். டுவேன் நல்லா இருக்கட்டும்டி."

மார்லிஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல வெட்கமாக இருந்தது. அன்று இரண்டு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்; அதை நினைத்தும் வெட்கப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வறையில் பெவ்வுக்குக் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். ஏழு மாதக்காரி பெவ்வைக் கட்டிக்கொண்டு அழுதாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மார்லிஸ் பெருமூச்சு விட்டாள். அந்தத் தலைப்பாகை பெவ்வாக இருந்ததுதான் உறுத்தியது.

கர்ட் வந்தார். பெவ்வின் தோளில் தட்டினார்.

"நீங்க இந்த ஆலைக்கே பெரிய உதவி பண்ணியிருக்கீங்க, பெவ். மறக்க மாட்டேன்."

நின்றபடியே ஒரு துண்டு கேக்கைத் தின்றார். ஒரு தாளை மார்லிஸ் கையில் கொடுத்து, "இதை நோட்டீஸ் போர்டுல ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார்.

"என்னடி அது, என்னைப் பத்திப் புகழ்ந்து எழுதியிருக்காரா? சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள் பெவ், உதட்டில் ஒட்டிய க்ரீமைத் துடைத்தபடி.

மார்லிஸ் சத்தமாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போக அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

'பெவர்லி டோலஃப்சன் விடைபெறுவதால் நமது முழுநேர ஊழியர்களின் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து நாற்பத்தொன்பதாகிறது. ஐம்பது பேருக்குக் குறைவான நிறுவனங்கள் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. எனவே ஜனவரி ஒன்றாம் தேதி முதல் இங்கே யாருக்கும் காப்பீடு கிடையாது.'