ஊரே பெயில்

"மாவட்டம் முழுக்க எழுத்தறிவு வந்தாச்சுன்னு அறிவிக்கத் தயாரா இருக்கோம். உங்க ஒரு ஊர்தான் சதவீதத்தைக் கீழே இழுக்குது. காட்மாண்டுல எனக்குத் திட்டு விழுது!"

மூச்சு வாங்க மலையேறி வந்த கல்வி அதிகாரி லோக்பகதூர் கத்தினார். ஆசிரியை சபித்ரா தலை குனிந்து நின்றாள். முதியோர் வகுப்புத் தேர்வில் இந்த வருஷமும் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பெயில்.

"இத்தனை நாளா என்னதான் சொல்லிக் கொடுத்தீங்க மிஸ்?"

என்னத்தைச் சொல்ல? பகலில் பள்ளிப் பிள்ளைகளோடும் சாயங்காலம் இவர்களோடும் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்த பூல்மாயாவிடம் கரும்பலகையைக் காட்டினார். "இது என்ன எழுத்தும்மா?"

"மேல கோடு, கீழ வாலு... எலியா சார்?"

பாயில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சபித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போதும். கையாலாகாத டீச்சர்னு எழுதி அனுப்பறேன். பள்ளிக்கூட வேலையும் இனிமே உங்களுக்கு இல்லை."

சபித்ரா பையை எடுத்தாள். கெஞ்சக்கூடத் தெம்பில்லை.

பூல்மாயா சட்டென்று எழுந்தாள். அதிகாரியின் கக்கத்தில் இருந்த செய்தித்தாளை உருவி, கடகடவென்று வாசித்தாள். அடுத்த பத்தியைப் பக்கத்தில் இருந்த தில்சரா வாசித்தாள். அதற்கடுத்ததை இன்னொருத்தி.

அதிகாரி வாயைப் பிளந்தார்.

"அடப்பாவிகளா!" என்றாள் சபித்ரா. "அப்புறம் ஏன் தேர்வுல வெறும் தாளைக் கொடுத்தீங்க?"

"எதிர் மலைக்காரிங்க போன வருஷம் பாஸ் பண்ணாங்க மிஸ். உடனே வகுப்பைப் பூட்டிட்டாங்க. இப்ப சாயங்காலமும் மாட்டுக்குப் புல்லு வெட்டறாளுங்க, மாமியாருக்குக் கால் அமுக்கறாளுங்க. நாங்க நிம்மதியா உட்கார்றது இங்க இந்த ஒரு மணி நேரம் மட்டும்தான்" என்றாள் பூல்மாயா.

அதிகாரிக்கு ஒரே சந்தோஷம். "அப்போ ஊரே பாஸ்! வகுப்பு இன்னியோட முடிஞ்சுது. சாவியைக் கொடுங்க மிஸ். உங்க மேல இனி ஒரு குறையும் இல்லை."

சபித்ராவுக்கு மனசு ஆறவில்லை. "பூட்டிடுவாங்கன்னு தெரிஞ்சும் ஏன் வாசிச்சீங்க?"

பாயைச் சுருட்டியபடியே பூல்மாயா சொன்னாள்:

"எங்களுக்குப் போனா ஒரு மணி நேரம்தான். உங்களுக்குச் சோறே போயிடுமே மிஸ்!"