ஐந்து மணிக்குப் பிறகு

வேலை நேரம், லீவு என்று கம்பெனியோடு பேரம் பேச இப்போது யாரும் வாய் திறப்பதில்லை. அவரவர் குரலில் பேசும் கணினிப் பிரதி ஒன்று அவரவருக்காகப் பேசிக்கொள்ளும். என்னுடையது என் போனில் நாள் முழுக்க என்னோடு அலைகிறது. பொய் மட்டும் அதற்கு வராது.

ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது, என் மனைவி கோதை அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவரைத் தினமும் எட்டு மணி வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கிறாங்க. புது ஒப்பந்தத்துல அஞ்சு மணிக்கு விடச் சொல்லிக் கேளு."

நான் போனைப் பிடுங்குவதற்குள் என் குரல் பதில் சொல்லிவிட்டது.

"இப்பவே அஞ்சு மணிதான். பாப்பா பொறந்தப்ப நான்தான் கேட்டு வாங்கினேன். வீட்ல கூடமாட இருக்கணும்னு சொன்னேன்."

பாப்பாவுக்கு அடுத்த மாதம் மூன்று வயது. ஈரத் துண்டோடு நின்ற என்னைக் கோதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போனிடமே கேட்டாள்.

"அப்போ அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும்?"

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பேன்" என்றது என் குரல், கொஞ்சமும் கூசாமல். "பாப்பா தூங்கிட்டான்னு நீ மெசேஜ் போடுவியே, அதைப் பார்த்துட்டுக் கிளம்புவேன்."