பாதுகாப்பு ஏற்பாடு

“ஸ்டாக் ரூம்ல வச்சு மேனேஜர் கையப் பிடிச்சு இழுத்தாருங்க மொதலாளி.” சேலைப் பிரிவில் வேலை பார்க்கும் இலக்கியா ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

புதுக்கோட்டை ஜவுளிக்கடை முதலாளி ஆதப்பன் கொதித்துப்போனார். “வேலைக்கு வர்ற பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. பயப்படாமப் போம்மா.”

மனுஷர் சொன்னதோடு நிற்கவில்லை. மேனேஜர் ரகுநாத்தை அன்றைக்கே சேலைப் பிரிவிலிருந்து ஆபீஸ் ரூமுக்கு மாற்றினார். மறுநாள் கடை முழுக்கக் கேமரா மாட்டினார். ஸ்டாக் ரூம், மாடிப்படி, பெண்கள் சாப்பிடும் அறை, எதையும் விடவில்லை.

“இனிமே எவனும் வாலாட்ட முடியாது. நாள் பூரா ஆள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருப்பான்.”

இலக்கியா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அன்று மதியம், அரிமளத்திலிருந்து கட்டி வந்த புளிச்சோற்றை வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகப் பிரித்தாள். அறையில் வேறு யாருமில்லை. வியர்வை பொறுக்காமல் முந்தானையைத் தளர்த்திக் கழுத்தைத் துடைத்தாள்.

செல்போன் சிணுங்கியது. ரகுநாத் மெசேஜ் அனுப்பியிருந்தான்.

“அங்கிட்டுத் திரும்பாத. மேல பார்த்து ஒரு சிரிப்பு சிரி. ‘ஆபீஸ் ரூம்ல சும்மாதானடா இருக்கே, கேமராவ நீயே பாத்துக்க’ன்னுட்டாரு மொதலாளி.”