தோளுக்கு ஒரு ரப்பர்

வானம் மழைக்கு மூடிய பகல். துப்பாக்கி பழுது பார்க்கும் கடையில் தங்கராசுவின் இரட்டைக்குழல் சாக்கின் மேல் கிடக்கிறது. தோளில் பதியும் கட்டைக்கு ரப்பர் மாட்ட வேண்டும். மெல்லிய கறுப்பா, தடித்த சிவப்பா? இரண்டையும் அவர் விரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார். கட்டையை எவ்வளவு அறுப்பதென்று அறிய, கடைக்காரர் கருப்பசாமி அவருடைய முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல்வரை நாடா பிடிக்கிறார். ஊரையொட்டித் தோண்டும் நிலக்கரிச் சுரங்கத்து இரைச்சலில் மேசைமேல் திருகாணிகள் நடுங்குகின்றன.

“இன்னமும் கடலை தின்ன பன்னி வருதா அண்ணாச்சி?”

“மல்லாட்டைக் கொல்லையே சுரங்கப் பள்ளமா பூடுச்சுங்களே. பன்னி எங்க வரும்? பயிரு காக்கத்தான் லைசென்சு. கொல்லை இல்லன்னா அதுவும் இல்லையாம். நாளைக்குத் துப்பாக்கிய டேசன்ல ஒப்படைக்கணுங்க.”

நாடா நிற்கிறது. “பொறவு எதுக்கு இந்த ரப்பரு?”

“இருவது வருசமா தோள்ல உதைச்சிகினே இருந்துச்சு. ஒரு நாளாச்சும் நோவாம வெச்சிப் பாக்கறேங்க.”

தடித்த சிவப்பை எடுத்துக் கொடுக்கிறார். கருப்பசாமி கட்டையை அறுத்து, திருகி, நீட்டுகிறார். ரப்பர் தங்கராசுவின் தோளில் மெத்தென்று பதிகிறது. கொல்லை இருந்த திசையில் சுரங்கம் கொட்டி எழும்பி நிற்கும் மண்மேட்டை வாசல்வழியே குறிபார்த்து விசையை இழுக்கிறார். குண்டில்லாத துப்பாக்கி ‘டிக்’ என்கிறது. தோள் மட்டும், பழக்கத்தில், உதை வாங்கியதுபோல் பின்னுக்குப் போகிறது.