கண்ணாடிக்குள் பிரெய்ல் பலகை

அருங்காட்சியகத்துக் கல் நந்தியின் பக்கத்தில் புதிதாக ஒரு பிரெய்ல் பலகை வந்தது.

"பார்வையில்லாதவர்கள் இனி என்னை விரலால் தடவி உன் கதையைத் தெரிந்துகொள்வார்கள்," என்றது பலகை.

"நல்லது. என்னைத்தான் யாரும் தொடக் கூடாதாம். உன்னையாவது தொடட்டும்," என்றது நந்தி.

திறப்பு விழா முடிந்ததும், விரல் பட்டால் அழுக்காகிவிடும் என்று அதிகாரி பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள், நந்தியைப் பற்றிப் படிக்கவென்றே பஸ் பிடித்து வந்தாள் பார்வையில்லாத செண்பகவல்லி. அவள் விரல்கள் கண்ணாடியில் வழுக்கின.

"இதுல ஒண்ணுமே எழுதலையாண்ணே?"

"நிறைய எழுதியிருக்கும்மா," என்றார் காவலர். "கண்ணாடியைத் தொடாம படிச்சுக்குங்க."

அவள் திரும்பிப் போனாள்.

"பாவம், ஒன்றும் தெரியாமலே போகிறாள்," என்றது நந்தி.

"ஆமாம். ஆனால் காலையிலிருந்து எத்தனை பேர் என்னைப் படமெடுத்தார்கள், கவனித்தாயா?" என்றது பலகை.